கட்டி இழுத்த பிக்கப்

இலஞ்சியிலிருந்து கோயம்புத்தூருக்கு வீடு மாறிப் போனபோது, கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் லாரிக்குள் போயின. அப்பாவின் பழைய பிக்கப் வண்டி மட்டும் லாரிக்குப் பின்னால் வந்தது. என்ஜின் பிடித்துப்போய் ஒரு மாதமாகத் தென்னந்தோப்பு ஓரத்தில் நின்ற வண்டி அது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றுதான் அப்பாவே சொன்னார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கோயம்புத்தூரில் மாமா பட்டறை வைத்திருக்கிறான், என்ஜினை அவன் பார்த்துக்கொள்வான், வண்டி வரவில்லையென்றால் நானும் வரவில்லை என்றுவிட்டாள். நகையைக்கூட இப்படிக் கட்டிக்கொண்டு அழமாட்டார்கள் என்று சித்தி சிரித்தாள்.

சித்தி சிரித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த என்ஜின் நின்றுபோனதே அம்மா ஓட்டிப் பழகியபோதுதான். சீசன் தொடங்காத நாட்களில் குற்றாலம் சாலை காலியாகக் கிடக்கும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க, அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்டுவாள். நானும் தம்பியும் பின்னால் நின்றுகொண்டு கத்துவோம். எங்களுக்கு அது ஒரு விளையாட்டு. ஒருநாள் அருவிக்குப் போகும் மேட்டில் குபுகுபுவென்று புகை வந்து வண்டி நின்றது. அதன்பிறகு அது அசையவில்லை.

புறப்பட்ட அன்று காலையிலேயே சாரல் விழுந்துகொண்டிருந்தது. லாரி புளியங்குடிக்காரர் ஒருவருடையது. எலுமிச்சை ஏற்றிப் போகும் வண்டி என்பதால் எங்கள் பாய், தலையணையிலெல்லாம் அந்த வாசனை ஏறி, பிறகு பல நாள் போகவில்லை. நாங்கள் அவரை லாரி அண்ணாச்சி என்போம். அவர் ஒரு நீளமான இரும்புக் கம்பியால் லாரியின் பின்பக்கத்தையும் பிக்கப்பின் முன்பக்கக் கொக்கியையும் சேர்த்து மாட்டினார். பின்னால் வரும் வண்டியில் ஸ்டியரிங் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அப்பா தம்பியைத் தூக்கிக்கொண்டு லாரியில் ஏறிவிட்டார். அம்மா பிக்கப்பில் ஏறினாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்பா எத்தனையோ வருடம் கேரளாவுக்குக் காய் ஏற்றிப் போனவர். மலைப்பாதையில் ராத்திரி பகலாக ஓட்டியவர். அவர் சும்மா உட்கார்ந்து வர, அம்மா ஸ்டியரிங் பிடிப்பதைத் தெரு முழுக்கப் பார்க்கிறதே என்று வெட்கமாக இருந்தது. எதிர்வீட்டு ஆச்சி வாசலுக்கே வந்து நின்றுவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அம்மாவின் போனும் அப்பாவின் போனும் அழைப்பிலேயே இருந்தன. அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தாள். "வேகத்தடை வருது. லேசா பிரேக்ல காலை வை" என்று அப்பாவின் குரல் வரும். அம்மா "ம்" என்பாள். நான் ஜன்னலை இறக்குவேன், ஏற்றுவேன். தண்ணீர் குடிப்பேன். காலை மடக்குவேன், நீட்டுவேன். ஒன்றுக்கு வருகிறது என்பேன்.

"சும்மா இரிட்டி. இழுத்துட்டுப் போற வண்டிய நெனச்ச இடத்துல நிப்பாட்ட முடியுமா?"

கண்ணை எடுக்காமல் லாரியின் பின்கதவையே பார்த்துக்கொண்டு சொன்னாள். தென்காசி போனது. கடையநல்லூர் தாண்டியதும் சாரல் நின்று காற்று மட்டும் அடித்தது. கொஞ்ச நேரமாகப் போனிலிருந்து அப்பாவின் குரல் வரவில்லை. மாத்திரை போட்டுவிட்டுத் தூங்கியிருப்பார் என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த நாட்களில் அப்பா நிறையத் தூங்கினார். மாத்திரை மயக்கத்துக்கு என்று எங்களிடம் சொல்லியிருந்தார்கள்.

புளியங்குடிக்கு முன்னால் ஓர் இறக்கம். படாரென்று ஒரு சத்தம் கேட்டது. பிக்கப்பின் துருப்பிடித்த கொக்கி பம்பரோடு பிய்ந்துகொண்டு போய்விட்டது. லாரி தன் போக்கில் போக, கம்பி ரோட்டில் உரசித் தீப்பொறி பறந்தது. எங்களை இழுக்க யாரும் இல்லை. ஆனாலும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு பஸ், விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டு வந்தது.

என்ஜின் ஓடாத வண்டியில் பிரேக் கல் மாதிரி இருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அம்மா இருக்கையிலிருந்து எழுந்தே நின்றுவிட்டாள். இரண்டு காலாலும் மிதித்து, ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்து, ஒரு கையால் கைப்பிரேக்கை இழுத்தாள். "முருகா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பஸ் எங்களை உரசுகிற மாதிரி போனது. சக்கரங்கள் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி, ஒரு புளியமரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றன.

கீழே விழுந்த போனிலிருந்து திடீரென்று அப்பாவின் குரல் வந்தது. "ஏட்டி, என்னாச்சு? புள்ள எங்க? ஏட்டி!" நான் குனிந்து எடுப்பதற்குள் பேச்சு நின்று, மூச்சிரைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா ஓடி வருதாங்கம்மா" என்றேன் சந்தோஷமாக.

அம்மாவின் முகம் எப்படி மாறியது என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு குதித்தாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெகுதூரத்தில் லாரி நின்றிருந்தது. அங்கிருந்து வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு அப்பா ஓடி வந்தார். செருப்பில்லாமல் அம்மா அவரை நோக்கி ஓடினாள்.

"ஓடாதீய! எங்களுக்கு ஒண்ணுமில்ல! அங்கனயே நில்லுங்க, ஓடாதீய!"

எங்களுக்காகத்தானே ஓடி வருகிறார், அவரைப் போய் இப்படி நடுரோட்டில் அதட்டுகிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. அவள் அவர் தோளைப் பிடித்து ஒரு கல்லில் உட்கார வைத்தாள். முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள். அவள் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு லாரி அண்ணாச்சி வந்தார். மண்ணில் விழுந்திருந்த சக்கரத் தடத்தைப் பார்த்தார். "தங்கச்சி, நானா இருந்தா பஸ்ஸுக்குள்ள போயிருப்பேன்" என்றார். லாரியைப் பின்னால் கொண்டுவந்து, இந்தத் தடவை கம்பியை பிக்கப்பின் சக்கர அச்சோடு சங்கிலி போட்டு இறுக்கினார்.

அப்பா பிக்கப்பின் கதவைத் திறந்து நின்றார்.

"நீ லாரில ஏறு. இனி நான் பிடிக்கேன்."

"வேண்டாம். நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க."

"இழுத்துட்டுத்தான போறான். என்ன ஆயிரப்போவுது?"

அம்மா ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். அப்பா கதவை விடாமல் நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "அப்பாதானம்மா நல்லா ஓட்டுவாங்க. அப்பாவே ஓட்டட்டும்மா" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு அப்பா கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, தம்பியை வாங்கிக்கொண்டு சுற்றி வந்து என் பக்கம் ஏறினார்.

"இனி உங்கம்மாதான் ஓட்டுவா. நீ தள்ளி உக்காரு."

அதன்பிறகு கோயம்புத்தூர் வரை வளைவு வருவதற்கு முன்பே அப்பா சொல்லிக்கொண்டு வந்தார். போன் தேவைப்படவில்லை. பட்டறையில் மாமா அந்த என்ஜினை எப்படியோ உயிர்ப்பித்தார். அம்மா லைசென்ஸ் எடுத்து, நான் கல்லூரி முடிக்கும்வரை அதே வண்டியில் தண்ணீர் கேன் போட்டாள். அப்பா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வீட்டு வாசல்களில் கேனை இறக்கி வைப்பார். அவருக்கு வந்தது வலிப்பு என்பதும், இனி எந்த வண்டியையும் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்ன வாரத்தில்தான் அம்மாவுக்கு அவரே ஓட்டக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார் என்பதும் நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போதுதான் தெரிந்தது.

அன்றைக்கு ராஜபாளையத்தில் டீக்கடை ஓரமாக நிறுத்தினார்கள். அம்மாவால் டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. கை அப்படி ஆடியது. அத்தனை பேர் முன்னால் அப்பா கிளாஸை வாங்கி அவள் வாயருகே பிடித்துக்கொண்டார். "குளிருதாம்மா?" என்று கேட்டேன். "ஆமாட்டி" என்றாள்.

சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் லாரியில் ஏறிப் போர்வையைத் தேடினேன்.