கல் என்று சொன்னேன்

எங்கள் பக்கத்தில் கல்லடைப்பு கௌரவமான நோய். கல்யாண வீட்டில்கூட அதைப் பற்றி உரக்கப் பேசலாம். எனக்கு வந்தது புற்றுநோய் என்று தெரிந்தபோது, அதனால்தான் எல்லோரிடமும் கல் என்று சொன்னேன்.

அவிநாசியில் பனியன் துணி நெய்யும் நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். வயது அறுபத்திரண்டு. முதலில் சிறுநீர் நின்று நின்று வந்தது. உடம்புச் சூடு என்று இளநீர் குடித்தே ஆறு மாதத்தை ஓட்டினேன். கடைசியில் மனைவி சரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். பிஎஸ்ஏ (பிராஸ்டேட் சுரப்பி ரத்தத்தில் விடும் புரதத்தின் அளவு) அதிகமாக இருந்தது. பயாப்சி (ஊசியால் துளித் துளியாகச் சதை எடுத்துப் பார்ப்பது) சந்தேகத்தை உறுதி செய்தது. சிறுநீர்ப்பைக்கு அடியில் இருக்கும் அந்தச் சுரப்பியை நோய் தாண்டவில்லை. அறுவை செய்து எடுத்துவிட்டார்கள்.

"கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"ஒரு தம்பிங்க."

"தொந்தரவு ஒண்ணும் இல்லாட்டியும் அவரை இந்த ரத்த டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க."

"சொல்றனுங்க" என்றேன். சொல்லவில்லை.

வெட்கம்தான், வேறென்ன. அறுவைக்குப் பிறகு சிறுநீர் கசிந்ததால் பேட் கட்டிக்கொண்டு நடந்தேன். மகளுக்குச் சோமனூரில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். குன்னத்தூரில் தோட்டம் பார்க்கும் தம்பி பழனிச்சாமி பார்க்க வந்தான். கல்லை எடுத்தாகிவிட்டது என்றேன். நம்பினான்.

ஒன்றரை வருடத்தில் அவனுக்கும் சிறுநீர் தடைபட்டது. அண்ணனுக்கு வந்த கல்தான் தனக்கும் என்று வாழைத்தண்டுச் சாறு குடித்திருக்கிறான். இடுப்பு வலிக்குத் தைலம். நடக்க முடியாமல் போனபோதுதான் ஸ்கேன் எடுத்தார்கள். எலும்புக்குப் பரவியிருந்தது. மூன்று மாதத்துக்கொரு ஹார்மோன் ஊசி (இந்த நோயை வளர்க்கும் ஆண் சுரப்புநீரை அடக்குவது) போட்டுக் கட்டுப்படுத்தலாம், முழுதாக நீக்க முடியாது என்றார்கள்.

அன்று ஸ்கேன் அறை வாசலிலேயே அவனிடம் உண்மையைச் சொன்னேன்.

"அப்பவே சொல்லீருந்தா டெஸ்டுக்கு வந்திருப்பனுங்கண்ணா" என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இந்த நோயை வராமல் தடுக்க உறுதியான வழி எதுவும் இல்லை என்கிறார்கள். ஆரம்பத்தில் வலியும் இருக்காது. ஐம்பதைத் தொட்டவர்கள் டாக்டரிடம் பேசுங்கள். ரத்த உறவில் யாருக்காவது இருந்தால் அதற்கும் முன்பே பேசுங்கள். உங்களுக்கே வந்துவிட்டால், கூடப்பிறந்தவர்களிடம் நோயின் பெயரை மறைக்காதீர்கள். நான் மறைத்தேன்.

போன வாரம் நானும் தம்பியும் ஒன்றாகப் பரிசோதனைக்குப் போனோம். என் ரிப்போர்ட்டில் குறை ஒன்றுமில்லை. அதை அவனிடம் காட்டக் கூசியது. அவனே வாங்கிப் பார்த்தான்.

"நல்லாருக்குதுங்கண்ணா" என்றான். "நம்ம கதிருக்கு நாப்பதானா நீங்களே கூட்டிட்டு வந்து டெஸ்ட் பண்ணீருங்க. அப்ப நா இருக்க மாட்டன்."

கதிர் அவனுடைய ஒரே மகன். வயது இருபத்தெட்டு.

இருமினால் இன்னும் கசியும் இந்த உடம்பை எப்போது விட்டுத் தொலைப்போம் என்று அலுத்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது சர்க்கரை மாத்திரையைக்கூடத் தவறவிடுவதில்லை. இன்னும் பன்னிரண்டு வருடத்துக்கு நான் சாகக் கூடாது.