பேச்சியம்மாவின் முளைப்பெட்டி

உடப்புசல்லாவைக்கு மேலே, மலை முடியப்போகிற இடத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. கீழ்க்கணக்கு, மேல்கணக்கு என்று அதற்கு இரண்டு பிரிவுகள். மேல்கணக்கில்தான் குளிர் அதிகம். மாசி மாதக் காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போகும்போது, வழியிலுள்ள புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல வெளுத்துக் கிடக்கும்.

மேல்கணக்கின் வரிசை வீடுகளில், நடு லயத்தில் இருக்கிறவர் பேச்சியம்மா. லிந்துலைப் பக்கம் பிறந்து, வீரய்யாவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். கொழுந்து பறிப்பதில் அவரை மிஞ்ச எங்கள் கணக்கில் ஆள் இல்லை. செடியைக் குனிந்து பார்க்கவே மாட்டார். பார்வை அடுத்த செடியில் இருக்கும், கை இந்தச் செடியில் இருக்கும். ஒரு காரியத்தைச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டால், அதை எப்படிச் செய்வது என்று பிறகுதான் யோசிப்பார். அறுபத்தோராம் ஆண்டு மாசித் திருவிழாவின்போதும் அப்படித்தான் நடந்தது.

மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் அன்று பெண்கள் மண்சட்டிகளில் நவதானியம் விதைப்பார்கள். சட்டிகளை லயத்து அறையில், வெளிச்சம் படாத காம்பராவில் மூடி வைத்து, விரதமிருந்து தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். பயிர் இருட்டில் வளர்வதால் நெட்டையாக, வெளிர்மஞ்சளாக, மெழுகுத்திரி போல நிற்கும். திருவிழா அன்று அதைத் தலையில் தூக்கி ஊர்வலம் போவார்கள். அதுதான் முளைப்பாரி. முளை உயரமாக வந்தால் அந்த வருஷம் நல்ல வருஷம். வளர்ப்பவரைத் தவிர வேறு பெண்களே உள்ளே எட்டிப் பார்க்கத் தயங்குவார்கள். திருவிழா வரை ஆண்கள் பார்க்கவே கூடாது.

கீழ்க்கணக்கின் முளை முழ உயரம் வரும். எங்கள் மேல்கணக்கில் குளிரில் விதை பாதி அழுகிப்போகும், மீதி விரலளவில் நின்றுவிடும். அந்த வருஷம் திருவிழாவுக்கு நாள் குறிக்கக் கோயில் வாசலில் கூடியபோது, கோயில் தலைவர் மாயாண்டி பேச்சை எடுத்தார்.

"மேல்கணக்கு ஆளுங்க கோவிச்சுக்கக் கூடாது. இந்த வருசமும் முளை ஒழுங்கா வரலைன்னா, அடுத்த வருசத்திலேருந்து கீழ்க்கணக்கு முளைப்பாரி மட்டும் போதும். நீங்க பின்னால சும்மா நடந்து வாங்க."

கீழ்க்கணக்கில் முளை வளர்க்கும் காளியாயி சிரித்தார். "போன வருசம் தூக்கிட்டு வந்தாங்களே, அது முளைப்பாரியா, சட்டியில புடிச்ச பாசியான்னு எனக்கு இன்னும் சந்தேகம்."

மேல்கணக்குப் பெண்கள் தலை குனிந்தார்கள். பேச்சியம்மா மட்டும் எழுந்து நின்றார்.

"இந்த வருசம் நான் வளக்கிறேன். காளியாயி அக்கா முளைக்கு ஒரு விரக்கடையாவது கூட நிக்கும். இல்லைன்னா மேல்கணக்கு இனிமே சட்டியே தூக்காது."

வீட்டுக்கு வரும் வழியில் வீரய்யா கேட்டார். "ஏ புள்ள, எப்படி வளப்ப?"

"அதத்தான் உங்கள கேக்கப்போறேன்."

வீரய்யாவுக்குத் தேயிலை ஆலையில், ஸ்டோரில், அடுப்பு வேலை. கொழுந்தைக் காயவைக்கும் யந்திரத்துக்கு விறகு போட்டு, சூடு கூடாமலும் குறையாமலும் பார்த்துக்கொள்வார். சூட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார். ஸ்டோரை நடத்தும் டீமேக்கரிடம் கேட்டு, மூலை உடைந்த தேயிலைப் பெட்டிகள் இரண்டை வாங்கி வந்தார். பலகைப் பெட்டி, உள்ளே சுற்றிலும் ஈயத்தாள். "இந்தத் தாளு சூட்ட வெளிய விடாது. தேயிலைக்கே காவலா இருக்கிறது ஒன் சட்டிக்கு இருக்காதா?" என்றார்.

காப்புக் கட்டிய அன்று பேச்சியம்மா சட்டிகளை ஒரு பெட்டிக்குள் அடுக்கினார். வீரய்யா ஓர் அரிக்கன் லாம்பைக் கொளுத்திக் கண்ணை மூடிக்கொண்டு நீட்ட, அதை வாங்கிப் பெட்டியின் நடுவே வைத்து மூடியைச் சாத்தினார். அன்று முதல் காம்பரா மூலையில் அந்தப் பெட்டி கணகணவென்று இருந்தது. வீரய்யா வேலை முடிந்து வந்ததும் வெளிப்பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, திரியை ஏற்றச் சொல்வார் அல்லது இறக்கச் சொல்வார். உள்ளே எப்படியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

விதை ஒன்றுகூட அழுகவில்லை. எல்லாம் முளைத்தன. பேச்சியம்மா மூடியைத் தூக்கிப் பார்த்தபோது ஈயத்தாளெல்லாம் லாம்பு வெளிச்சத்தில் மின்ன, முளைகள் கரும்பச்சையாக, நெருக்கமாக, தண்டு தடித்து நின்றன. கொழுந்துக்காரியின் கண்ணுக்கு அதைவிட அழகு வேறென்ன இருக்கிறது? அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த காம்பரா மீனம்மா இந்த முறை அவருடன் விரதம் இருந்தவர். அவரை அழைத்துக் காட்டினார்.

மீனம்மா பார்த்தார். ஒரு முளையை விரலால் நிமிர்த்திப் பார்த்தார்.

"ஏன்டி, என்ன இது இம்புட்டுப் பச்சையா இருக்கு?"

"சத்தா வந்திருக்கு."

"சத்தா வந்து என்ன செய்ய? கவ்வாத்து வெட்டின தேயிலைச் செடி மாதிரி கட்டையா நிக்குது. எல்லாம் லாம்பப் பாத்துக் குனிஞ்சு கும்புடுது. நீ முளைப்பாரி வளக்கிறியா, மாரியாத்தாளுக்குத் தேயிலைக் கொழுந்து வளக்கிறியா?"

அப்போதுதான் பேச்சியம்மாவுக்கு விளங்கியது. காலமெல்லாம் பச்சையைத் தேடிய கண், பச்சையைக் கண்டதும் நல்லது என்று நம்பிவிட்டது. முளைப்பாரிக்கு வேண்டியது சூடு மட்டும். லாம்பு சூட்டோடு வெளிச்சத்தையும் கொடுத்துவிட்டது. வெளிச்சம் கிடைத்த பயிர் எதற்கு நெட்டையாக வளர வேண்டும்? ஈயத்தாளும் அந்த வெளிச்சத்தை நாலு பக்கமும் திருப்பி அடித்திருக்கிறது.

மறுபடி விதைக்கவும் முடியாது. காப்புக் கட்டிய அன்று போட்ட விதைதான் கணக்கு.

வீரய்யா சேதி கேட்டுத் தலையில் கை வைத்தார். "சூடு சரியாத்தானே இருந்துச்சு."

"சூடு சரிங்க. வெளிச்சம்தான் கூடாது. லாம்பு எரியணும், ஆனா எரியிறது பயிருக்குத் தெரியக் கூடாது. அதுக்கு வழி சொல்லுங்க."

அவர் பீடியைப் பற்றவைத்து யோசித்தார். பிறகு எழுந்து போய்ச் சுத்தியலை எடுத்துவந்தார். மிச்சமிருந்த பெட்டியைக் கீழே வைத்து, பேச்சியம்மா எடுத்துத் தந்த லாம்பை அதற்குள் வைத்தார். மேலே ஒரு தகரத்தைப் போட்டு, தகரத்தின்மேல் ஆற்று மணலைப் பரப்பினார். அவர் முதுகைத் திருப்பிக்கொள்ள, பேச்சியம்மா சட்டிகளை மணலில் அடுக்கி, முதல் பெட்டியை மூடியாகக் கவிழ்த்து வைத்தார். உடைந்த மூலைகளையும் ஆணி ஓட்டைகளையும் சாணியால் அடைத்தார். இனி லாம்பின் சூடு தகரத்தில் ஏறி, மணலில் பரவி, சட்டிக்குப் போகும். வெளிச்சம் கீழேயே நின்றுவிடும்.

கொஞ்ச நேரத்தில் லாம்பு அணைந்துபோனது.

"மூச்சு முட்டுது அதுக்கு" என்று வீரய்யா கீழ்ப்பெட்டியின் இரு பக்கமும் துளை போட்டார். பிறகு லாம்பு நின்று எரிந்தது.

அதற்கு மேல் பேச்சியம்மாவின் வேலை. காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகுமுன் மூடியைச் சற்றே தூக்கி, மணிக்கட்டின் உள்பக்கத்தை மணலில் வைத்துப் பார்ப்பார். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரின் சூடு இருந்தால் சரி. கூடினால் திரியை இறக்குவார். நடுவில் சூடு அதிகம் என்பதால் நடுச்சட்டியை ஓரத்துக்கும் ஓரச்சட்டியை நடுவுக்கும் மாற்றுவார். ஈயத்தாளில் ஆவி முத்து முத்தாகக் கட்டி முளையின்மேல் சொட்டுவதைக் கண்டதும், பழைய துணியால் துடைத்தெடுத்தார். விட்டிருந்தால் போன வருஷம் போலவே அழுகியிருக்கும். மத்தியானம் மீனம்மா வந்து, மூடியின் ஒரு மூலையில் குச்சி கொடுத்து, கறுப்புக் கம்பளியைப் போர்த்திவிட்டுப் போவார். ஆவி வெளியே போகும், வெளிச்சம் உள்ளே வராது.

இருட்டில் முளைகள் வெளிச்சத்தைத் தேடி எழுந்தன. குனிந்தவை நிமிர்ந்தன. பச்சைத் தண்டின் உச்சியிலிருந்து வெளிர்மஞ்சளாகப் புதுத்தண்டு கிளம்பி, நாளுக்கு நாள் நீண்டது. கடைசி நாள்களில் நடுவே இருந்த ஒரு சட்டி மட்டும் கொஞ்சம் பின்தங்கியது.

திருவிழா அன்று இரு கணக்கு முளைப்பாரிகளையும் கோயில் வாசலில் இறக்கினார்கள். காளியாயியின் முளை எப்போதும் போல மஞ்சளாக, அழகாக நின்றது. பேச்சியம்மா தன் சட்டிகளின் மேலிருந்த துணியை எடுத்தார். கூட்டம் நெருங்கி வந்தது. கீழ்ப்பாதி கரும்பச்சை, மேல்பாதி வெளிர்மஞ்சள். அப்படியொரு முளைப்பாரியை யாரும் பார்த்ததில்லை.

"இதென்னா கலரு?" என்றார் காளியாயி. "சாயம் ஊத்தினியா?"

"கீழ பாவாடை, மேல தாவணி" என்றார் பேச்சியம்மா. "மேல்கணக்குப் புள்ளைக குளிருக்கு ரெண்டு உடுத்தித்தான் வெளிய வரும்."

கூட்டம் சிரித்தது. காளியாயிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விடவில்லை. "லாம்பு வச்சு வளத்ததாம், தலைவரே. அது ஆத்தா குடுத்த முளையா, மண்ணெண்ணெய் குடுத்த முளையா?"

மாயாண்டி பேச்சியம்மாவைப் பார்த்தார். இதற்குப் பேச்சியம்மா என்ன சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் இருந்தது.

"குளுர்ல நாம கம்பளி போத்திக்கிறோம், தலைவரே. போத்தினதால நாம ஆத்தா புள்ளை இல்லைன்னு ஆயிருமா? வெதையும் அன்னைக்கிப் போட்டதுதான், விரதமும் நாங்க இருந்ததுதான். முளைக்கும் கொஞ்சம் போத்திவிட்டேன்."

மாயாண்டி குனிந்தார். முதலில் காளியாயியின் சட்டியில் கையைச் செங்குத்தாக ஊன்றி, முளை எட்டிய இடத்தில் மறுகை விரலை வைத்தார். அந்த அளவோடு பேச்சியம்மாவின் சட்டிக்கு வந்தார். முளை விரலுக்கு மேலே ஒரு விரக்கடை போயிருந்தது.

"மேல்கணக்கு முன்னால போகட்டும்" என்றார்.

தப்பு மேளம் முழங்கியது. பேச்சியம்மாவும் மீனம்மாவும் மற்றப் பெண்களும் சட்டிகளைத் தலையில் ஏற்றி நடந்தார்கள். பாதையோரத்தில் வீரய்யா நின்றார். இத்தனை நாள் கையால் மட்டுமே அறிந்திருந்த பயிரை அப்போதுதான் கண்ணால் பார்க்கிறார். ஒவ்வொரு சட்டியாகப் பார்த்தார். மீனம்மாவின் தலையிலிருந்தது மட்டும் கொஞ்சம் கட்டை. மனைவியின் பக்கத்தில் ஓடிவந்து கூடவே நடந்தார்.

"ஏ புள்ள, மீனம்மா சட்டி கடைசியா நடுவுல இருந்ததா?"

"ஆமா."

"நடுவுல சூடு கூடியிருக்கு. அடுத்த வருசம் நடுவுல மணல இன்னும் ஒரு விரல் ஒசத்திப் போடணும்."

தலையிலிருந்த சட்டி அசையாமல் பேச்சியம்மா சொன்னார், "போட்டுக்கலாம். இப்ப வழிய விடுங்க, ஆத்தா வர்றா."