துவாய் போட்ட கதிரை

போன பள்ளித் தவணை நடுவில் ஒரு பின்னேரம். வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றுகிறேன்... எங்கள் முன் அறையில் வாடகைக்கு இருக்கும் தர்சினி படியில் குந்திக்கொண்டிருக்கிறாள். மடியில் ஒரு பார்சல். முகத்தைப் பார்த்தால் இப்போதோ பிறகோ அழுதுவிடுவாள் போலிருந்தது.

என்ன பிள்ளை என்று கேட்டேன். பார்சலை நீட்டினாள். பிரித்துப் பார்த்தால் ஒரு துண்டு கேக், ஒரு ரோல்ஸ், இரண்டு கதலி வாழைப்பழம்.

"இண்டைக்கும் கேக் தந்தவை அன்ரி" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

கேக் கொடுத்ததற்கு அழுகிற ஆளை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? நான் அன்றுதான் கண்டேன்.

தர்சினி வவுனியாப் பக்கத்துப் பிள்ளை. சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கும் ஆசிரியை. இப்போது படிப்பு லீவில் நின்று பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படிக்கிறாள். அதற்கு ஓர் ஆய்வு செய்ய வேண்டுமாம். ஆய்வின் தலைப்பு என் வாயில் இன்றுவரை ஒழுங்காக நுழையவில்லை. ஆரம்ப வகுப்புகளில் ஆசிரியர்கள் எப்படிக் கற்பிக்கிறார்கள், அந்த முறைக்கும் அவர்களுடைய வேலைத்திறனுக்கும் என்ன தொடர்பு... அப்படி ஏதோ. அக்கராயனுக்கு அங்கால் உள்ள ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தைத் தெரிவு செய்து, கிளிநொச்சியில் எங்கள் வீட்டில் தங்கி, பஸ் பிடித்துப் போய் வருகிறாள்.

அங்கே அவள் செய்ய வேண்டிய வேலை கேட்பதற்குச் சுலபமானது. தரம் மூன்று வகுப்பில், பின்னால், சுவரோடு சுவராக உட்கார வேண்டும். வாய் திறக்கக் கூடாது. ஒரு சாதாரணப் பாடம் தொடக்கத்திலிருந்து முடிவு வரை எப்படி நடக்கிறதென்று பார்க்க வேண்டும். ரீச்சர் எவ்வளவு நேரம் பேசுகிறா, பிள்ளைகள் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள், பலகையைச் சும்மா பார்த்து எழுதுவதில் எவ்வளவு நேரம் போகிறது... இவ்வளவுதான். ஆனால் பாடம் சாதாரணமாக இருக்க வேண்டும். அதுதான் நிபந்தனை.

எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்கு ஓர் ஆள் வந்தால் சும்மா விடுவார்களா?

அதிபர், அதுதான் தலைமையாசிரியர், கேற்றடியிலேயே நிற்பாராம். அவருடைய அறையில் ஒரு கதிரை இருக்கிறது – முதுகில் துவாய் போட்ட கதிரை. பெரிய ஆட்கள் இருப்பதற்கென்று வைத்திருப்பது. அதை அவரே தூக்கிக்கொண்டு வந்து வகுப்பின் முன்னால், ரீச்சரின் மேசைக்குப் பக்கத்தில் போடுவார். பின்னால் இருக்கிறேன் சேர் என்று இவள் சொன்னால், அதெப்படிப் பின்னால் இருத்துவது என்று அவர் பதறுவார். பிள்ளைகள் எழும்பி நீட்டி முழக்கி வணக்கம் சொல்வார்கள். பிறகு வரவேற்புப் பாட்டு. பாட்டு முழுவதும் முடிந்த பிறகுதான் பாடம்.

பாடமாவது பாடமாக இருந்ததா? வகுப்பாசிரியை சிவமலர் ரீச்சர் அலுமாரியைத் திறந்து கலர் கலராகப் படம் போட்ட மட்டைக் காட்டுகளை எடுப்பா. யாரோ எப்போதோ அன்பளிப்புச் செய்தவை. முதல் நாள் அவற்றின் பிளாஸ்ரிக் உறையை அங்கேயே வைத்துத்தான் கிழித்தாவாம். பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டுக் காட்டுகளைத் தடவிப் பார்த்தார்கள். அவர்களும் அன்றுதானே காண்கிறார்கள்! பாதியில் தட்டோடு தேத்தண்ணீர் வரும். இவள் குடித்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை முழு வகுப்பும் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். சாப்பிடாமல் விட்டால் அதிபரின் முகம் வாடிவிடும் என்பதால் மிச்சத்தைப் பார்சல் கட்டிக்கொண்டு வருவாள்.

முதல் நாள்தானே, போகப்போகச் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தாள். போகப்போகக் கேக்கின் பக்கத்தில் ரோல்ஸும் சேர்ந்ததுதான் மிச்சம்.

நமக்கு இது சிரிப்பு. அவளுக்கு அப்படி இல்லை. தவணை முடிய அவளுடைய லீவும் முடிகிறது. அதற்குள் சில சாதாரணப் பாடங்களையாவது பார்த்து எழுதாவிட்டால் ஆய்வு இல்லை, ஆய்வு இல்லாவிட்டால் பட்டம் இல்லை. இன்னொரு தடவை லீவு கேட்டால் கிடைக்கவும் மாட்டாது. இவ்வளவு காலம் அலைந்தது எல்லாம் ஒரு பாட்டுக்கும் ஒரு துண்டு கேக்குக்கும் போய்விடுமோ என்று பயந்துபோய் இருந்தாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

நமக்கு யோசனை சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னேன் – "நாளைக்குச் சொல்லாமல் போ பிள்ளை. திடீரெண்டு போய் நிண்டால் அவையளாலை என்ன செய்ய ஏலும்?"

போனாள். நடந்ததைக் கேளுங்கள். அதிபர் அந்த நேரம் தரம் ஐந்துக்குப் புலமைப்பரிசில் பாடம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறார். ஆசிரியர் பற்றாக்குறை, அவரே படிப்பிக்கிறார். இவளைக் கண்டதும் சோக்கட்டியை வைத்துவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, சந்திக் கடைக்குச் சோடா வாங்கப் போய்விட்டார். தரம் ஐந்து சும்மா இருந்தது. தரம் மூன்றில் சிவமலர் ரீச்சர் காட்டுகளை எடுக்க அலுமாரிப் பூட்டின் திறப்பைத் தேடிக்கொண்டிருந்தா. திறப்பு அதிபரின் பொக்கற்றில், மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தது. அன்று இரண்டு வகுப்பும் கெட்டது. போதாததற்கு, முன்கூட்டிச் சொல்லியிருக்கலாமே என்று அதிபர் மனவருத்தமும் பட்டார்.

அதன்பிறகு நான் யோசனை சொல்வதை நிறுத்திவிட்டேன்.

உண்மையில் எனக்கு அந்த அதிபரில் கோபம் வரவில்லை. வர முடியாது. நான் வேலை செய்யும் கூட்டுறவுச் சங்கத்திலும் போன வருடம் இதுதானே நடந்தது! சிறந்த வேலைத்திறனுள்ள அலுவலகம் என்று ஒரு போட்டி. நடுவர்கள் வருகிறார்கள் என்றவுடன் சுவிட்சுக்கு ஒரு லேபல், கூட்டுகிற தும்புத்தடிக்கு ஒரு லேபல், குப்பை வாளியைச் சுற்றி மஞ்சள் கோடு. பழைய சாமான்களை எல்லாம் சங்கத்து வானில் ஏற்றி, நடுவர்கள் போகும்வரை திரும்பி வரக் கூடாது என்று டிரைவரிடம் சொல்லி அனுப்பினோம். மனுசன் வட்டக்கச்சியில் ஒரு மரநிழல் பார்த்து வானுக்குள்ளேயே நல்ல நித்திரை. அன்று காலையில் உரம் எடுக்க வந்த கமக்காரர்களை நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினோம். எங்கள் சேவை எவ்வளவு நல்லதென்று காட்டுவதற்காகச் சேவைக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம்... மூன்றாம் இடம் கிடைத்தது. கிண்ணம் இருக்கிறது. அதற்கும் லேபல் ஒட்டியிருக்கிறோம்.

சரி, கதைக்கு வருவோம். ஒருநாள் தர்சினி துணிந்து அதிபரின் அறைக்கே போய்க் கேட்டுவிட்டாள். சேர், எனக்குப் பாட்டு வேண்டாம், தேத்தண்ணீர் வேண்டாம், என்னைக் காணாத மாதிரி விட்டுவிடுங்கள் என்று. அவர் கோபிக்கவில்லையாம். இப்படிச் சொன்னாராம்:

"பிள்ளை, சண்டை முடிஞ்சு மீளக்குடியேறி வந்த நேரம் இந்தப் பள்ளிக்கூடம் மரத்துக்குக் கீழைதான் நடந்தது. அப்ப பாக்க வந்தவை கூரை தந்தவை. பிறகு வந்தவை டெஸ்க் தந்தவை. அந்தப் பாட்டும் அப்ப பழக்கினதுதான். இப்ப ஒருத்தரும் வாறேல்லை. பிள்ளையளும் குறைஞ்சுகொண்டு போகுது, எப்ப பூட்டுவாங்களோ தெரியாது. நீங்கள் எங்களைப் பற்றி என்ன எழுதிக்கொண்டு போறீங்களெண்டும் எனக்குத் தெரியாது. ஒரு தேத்தண்ணி தாறதை விட நான் வேறை என்ன செய்ய?"

இதை அவள் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள். நாங்களும் இடம்பெயர்ந்த அந்த வருடங்களில் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்தவர்கள்தானே. யார் வந்தாலும் எழும்பி நின்று சிரிக்கப் பழகியவர்கள்தானே.

எழுதுகிற ஆய்வில் எந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரும் வராது, அதை வைத்து ஒருவரும் எதையும் பூட்ட முடியாது என்று அவள் அதிபருக்கு விளங்கப்படுத்தியிருக்கிறாள். அவர் முழுவதும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, சந்தோசம் பிள்ளை, இனித் தேத்தண்ணீரைக் குடியுங்கோ என்றாராம்!

ஒன்றை யோசித்துப் பார்த்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எல்லாரும் பிழையில்லாமல் செய்கிற ஒரே காரியம் என்ன? விருந்தாளியை வரவேற்பது. கதிரை எங்கே வைப்பது, எப்போது எழும்புவது, எந்தக் கையால் தட்டை நீட்டுவது... ஒருவரும் இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பார்த்து எழுது என்று சொல்லவில்லை. செய்து செய்து பழகியிருக்கிறார்கள். செய்து கற்றல் என்று பயிற்சி வகுப்புகளில் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தானே? கணிதத்தையும் இப்படிப் பழக்கினால் என்ன என்று தர்சினியிடம் கேட்டேன். அவள் சிரிக்கிற நிலையில் இல்லை. தவணை முடிய அதிக நாள் இல்லை.

பிறகுதான் அந்தத் தேங்காய்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு உண்டு. தாய்மார் முறை வைத்து வந்து சமைப்பார்கள். அன்று முறைக்கு வர வேண்டிய இரண்டு பேரில் ஒருவரின் குழந்தைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டா. மற்றத் தாய் தனியே நின்று தடுமாறுகிறா. சோறு இறங்கிவிட்டது, பருப்பு அடுப்பில், சொதிக்குத் தேங்காய் திருவவில்லை. சிவமலர் ரீச்சர் வகுப்பை விட்டுவிட்டுக் குசினிக்கு ஓடப் பார்த்தா. தர்சினி எழும்பி, நீங்கள் படிப்பியுங்கோ என்று சொல்லிவிட்டுத் தான் போய்த் திருவலையில் இருந்துவிட்டாள். அந்தத் தாய் வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடித்திருக்கிறா. இவள் விடவில்லை. திருவி, பால் பிழிந்து, கீரையும் அரிந்து, பிள்ளைகளுக்குப் பரிமாறவும் நின்றாள். ஒரு சின்னன், தனக்குச் சொதி காணாது என்று இவளோடு சண்டைக்கு வந்ததாம். அதுவரை இவளைக் கண்டால் எழும்பி நின்று பாட்டுப் பாடிய சின்னன்!

திட்டம் போட்டுத்தான் செய்தாயோ என்று கேட்டேன். இல்லை அன்ரி, பிள்ளைகளுக்குப் பசிக்கும் நேரமாகிவிட்டது என்றாள்.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு பெரிய பயம் பிடித்துக்கொண்டது. சுவரோடு சுவராக இருக்க வேண்டியவள் குசினியில் போய் இருந்துவிட்டாளே... ஆய்வு கெட்டுவிட்டதா? தேங்காய் திருவுவது தலையீடா, இல்லையா? உடனே தன்னுடைய விரிவுரையாளருக்குப் போன் எடுத்தாள். அவர் கண்டிப்பான மனிதர் என்று கேள்விப்பட்டிருந்ததால் நானும் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். முழுவதையும் கேட்டார்.

"நடந்ததை நடந்தபடி எழுதுங்கோ" என்றார். "தேங்காயையும் எழுதுங்கோ."

அடுத்த நாள் காலையில் போனாள். கேற்றடியில் அதிபர் இல்லை. விறாந்தையில் தரம் ஐந்தோடு நின்றவர், வந்திட்டீங்களோ என்று மட்டும் கேட்டுவிட்டுக் கணக்கைத் தொடர்ந்தார். துவாய் போட்ட கதிரை அறையிலேயே இருந்தது. இவள் பின்னால் போய் ஒரு சின்னக் கதிரையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். பாட்டில்லை. அலுமாரி பூட்டியபடி கிடந்தது. சிவமலர் ரீச்சர் முதலில் யார் யார் சாப்பிடாமல் வந்தது என்று விசாரித்தா. பிறகு கழித்தல் கணக்கை எழுதிப்போட்டா. கொஞ்சம் கூடத்தான் பேசினா. இரண்டு பேருக்கு ஏச்சு விழுந்தது. கடன் வாங்கிக் கழிப்பது விளங்காமல் முழித்த ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தி, புளியங்கொட்டையை வைத்துத் திரும்பத் திரும்பக் காட்டினா. விளங்கும்வரை எழும்பவில்லை. அந்த நேரம் மிச்ச வகுப்பு குழப்படி செய்தது. அழகான பாடமில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்குக் கழித்தல் வந்துவிட்டது.

எல்லாவற்றையும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தவள் நன்றாகப் பார்ப்பதற்காகக் கதிரையை முன்னுக்கு இழுத்து இழுத்து வந்துவிட்டாள் போலும். பக்கத்தில் இருந்த ஒரு பெட்டை இவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்தது.

"ரீச்சர், கொஞ்சம் அரக்கி இருங்கோ. பலகை தெரியேல்லை."

இதைச் சொல்லும்போது தர்சினியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பட்டம் அப்போதே கையில் வந்துவிட்ட மாதிரி ஒரு சிரிப்பு. லீவு முடியுமுன் அவளுக்கு வேண்டிய பாடங்களெல்லாம் கிடைத்துவிட்டன. எதிலும் கேக் இல்லை.

அந்த முதல் சாதாரணப் பாடம் கிடைத்த அன்று அவள் பஸ்ஸால் இறங்கி வேர்த்து விறுவிறுத்து வந்து, இந்தமுறை படியில் குந்தாமல் நேரே உள்ளே வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

"அன்ரி, இண்டைக்கு அங்கை ஒருத்தரும் எனக்குத் தேத்தண்ணி தரேல்லை."

எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் நான் எழும்பவில்லை. குசினி எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும்.