எங்கள் வீட்டு டிஷ்

முப்பது வருஷமாக வீடு வீடாய் டிஷ் மாட்டியவர் எங்கப்பா. இப்போது கூப்பிடுகிறவர்கள் எல்லாம் கழற்றத்தான் கூப்பிடுகிறார்கள். எல்லார் வீட்டிலும் இன்டர்நெட்டில் படம் ஓடுகிறது. "படம் பாதியில நின்னு வட்டம் சுத்தும்ல, அப்பத் தெரியும் என் அருமை!" என்று எரிந்து விழுவார்.

அம்மாவை முதலில் பார்த்ததே டிஷ் மாட்டப் போன வீட்டில்தான். இவர் மாடியில் டிஷ்ஷைத் திருப்பித் திருப்பி, "தெரியுதா?" என்று கத்தினார். கீழே டிவி முன்னால் நின்ற அம்மா, "இன்னும் இல்ல" என்றே சொல்லி ஒரு மணி நேரம் வெயிலில் காயவிட்டாள். படம் அஞ்சே நிமிஷத்தில் பளிச்சென்று வந்துவிட்டதாம். வந்துவிட்டது என்று சொன்னால் ஆள் கிளம்பிவிடுவாரே!

போன வாரம் நானும் இன்டர்நெட் இணைப்பு வாங்கி, டிஷ் வயரை டிவியிலிருந்து பிடுங்கிவிட்டேன். அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நேற்றுதான், "சரி, கழட்டித் தொலைக்கிறேன்" என்று ஸ்பானரோடு மாடி ஏறினார். வெகுநேரமாகியும் ஸ்பானர் சத்தம் கேட்கவில்லை. பிறகு மேலிருந்து குரல் வந்தது.

"தெரியுதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஜன்னலுக்கு ஓடினாள்.

"இன்னும் இல்ல!"