அழுந்தியே இருந்த விசை

இது 1988 நவம்பரில் நடந்தது. கதை கட்டத் தெரிந்தவன் இல்லை நான். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன். அன்று எழுதிய சர்வீஸ் ரிப்போர்ட்டின் கார்பன் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

திரையில் 1C 301 என்று வந்து நின்றது. அவ்வளவுதான் சிக்கல்.

அது என்னவென்று சொல்கிறேன். சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் முதலில் தன்னையே சோதித்துப் பார்க்கும். தன் நினைவகத்தை எண்ணும். 64, 128 என்று திரையில் எண் ஏறி 640-இல் நிற்கும். அடுத்தது கீபோர்டு. அதில் ஏதாவது ஒரு விசை அழுந்தியபடி இருந்தால், அந்த விசையின் எண்ணைக் காட்டி, பக்கத்தில் 301 போட்டு நின்றுவிடும். 301 என்றால் கீபோர்டு கோளாறு. 1C என்றால் என்டர் விசை.

அதாவது யாரோ என்டர் விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை.

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

ஜவ்வாது மலையில் ஒரு மழை அளவு நிலையம் அது. ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஒற்றை அறை. வெளியே மழைமானி. கண்ணுக்கெட்டிய வரை வேறு கூரை கிடையாது. அங்கே அளவெடுத்துக்கொண்டிருந்த பஞ்சாட்சரம் என்பவர் ஜூனில் இறந்துவிட்டார் என்று சொன்னார்கள். புது ஆள் வருவதற்குள் கம்ப்யூட்டர் ஓட வேண்டும். எனக்கு முன்பு இரண்டு பேர் வந்து, முடியாது என்று திரும்பிவிட்டார்கள். நான் வேலையில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இதையும் சரிசெய்யாமல் வந்தால் ஆறாவது மாதம் வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

பிற்பகல் 2.40-க்குப் போய்ச் சேர்ந்தேன். கூட்டிப் பெருக்கும் பாஞ்சாலை பூட்டைத் திறந்துவிட்டார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. சாயங்காலம் சோறு கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாற்காலி மேசையோடு ஒட்டிக் கிடந்தது. இழுத்து உட்கார்ந்தேன். இரும்பு நாற்காலி. அந்தக் குளிரில் ஜில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

அன்று முழுக்க வெயிலே இல்லை.

3.15. கீபோர்டைக் கழற்றிக் கவிழ்த்தேன். நாலைந்து செத்த எறும்புகள் விழுந்தன. என்டர் விசைக்கு அடியில் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். சுவிட்சைப் போட்டேன். 1C 301.

3.50. பையிலிருந்து என் சொந்தக் கீபோர்டை எடுத்து மாட்டினேன். காலையில்தான் அதைச் சோதித்திருந்தேன். 1C 301.

இன்னொன்றையும் கவனித்தேன். ஒயர்களைப் பார்க்க மேசைக்குப் பின்னால் போய் வரும்போதெல்லாம் நாற்காலி மேசையோடு ஒட்டியிருந்தது. நான் பின்னால் தள்ளிவிட்டுத்தான் எழுந்திருந்தேன். மூன்று முறையும்.

கடைசி பஸ் நாலு மணிக்கு. அது போய்விட்டது.

5.10. இரண்டு கீபோர்டுகளையும் கழற்றி மூலையில் கிடந்த கட்டிலில் வைத்தேன். இப்போது எந்தக் கீபோர்டும் இல்லை. எது அழுந்தியிருக்கிறது என்று சொல்லக் கீபோர்டிலிருந்து ஒயர் வழியாக எண் வர வேண்டும். ஒயரே இல்லையென்றால் வெறும் 301 மட்டும்தான் வரும். வேறு எதுவும் வர வழியில்லை.

சுவிட்சைப் போட்டேன். 64... 128... 640.

1C 301.

எத்தனை நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. வெளியே தூறல் விழ ஆரம்பித்தது.

சரியாக 5.30. சாயங்கால மழை அளவு பதியும் நேரம்.

எண் தானாக மறைந்தது. மழை அளவு பதியும் கட்டங்கள் வந்தன. ஒவ்வொரு கட்டமாக நிரம்பியது. ஒவ்வொரு இலக்கமாக... நிதானமாக... ஒரு விரலால் தட்டுகிறவரைப் போல.

பிறகு வரிகள் விறுவிறுவென்று மேலே ஓடின, என்டர் விசையை விடாமல் அழுத்திப் பிடித்தால் ஓடுவதைப் போல.

பீப்.

பீப். பீப். பீப்.

உறைந்து நின்றது.

நாற்காலி 'கிறீச்' என்றது. நான் அதில் இல்லை.

சுவரோடு சாய்ந்து நின்றிருந்தேன்.

6.05-க்கு வாசலில் அரிக்கேன் வெளிச்சம். பாஞ்சாலை.

"இன்னா சார், மொகம் செத்துப் போய்க் கீது?"

சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"நீங்களும் அவர் மேலயே குந்திக்கினு இருந்தீங்களா?"

நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன்.

"முன்ன வந்த ரெண்டு பேரும் பொட்டியத் தொறந்து தொறந்து பாத்தாங்க. ஆள ஒருத்தரும் பாக்கல."

"பஞ்சாட்சரம் சாரா?"

"எங்க சனத்துல, வூட்டுக்கு வெளிய செத்தவங்கள, செத்த எடத்துல நின்னு பேர் சொல்லி எழுப்பணும். எழுப்புனாத்தான் எழுந்து போவாங்க. இவர ஜீப்புல தூக்கிப் போட்டுக்கினு போய்ட்டாங்க. அதுக்கப்புறம் யாரும் வர்ல."

"நீங்க எழுப்பியிருக்கலாமே?"

"ஒண்ணு சொந்தம் கூப்பிடணும். இல்லன்னா கூட வேல செய்றவங்க கூப்பிடணும். அவருக்கு சொந்தமே இல்ல சார். அந்தப் பொட்டில கைவெச்சு வேல செய்றது நீங்கதான்."

"நம்பலைன்னா?"

"நம்பாமயே கூப்பிடுங்க. அவருக்குக் காது கேட்டாப் போதும்."

நாற்காலியைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். வரவில்லை. கனத்தது. அதைப் பிடித்தபடியே கூப்பிட்டேன்.

"பஞ்சாட்சரம் சார்... எழுந்து வாங்க. நான் வந்துட்டேன்."

நாற்காலி லேசாக வந்தது.

கீபோர்டை மாட்டினேன். சுவிட்சை அணைத்துப் போட்டேன். 640. ஒரே ஒரு பீப். இயங்கியது.

பதிவுகளை ஃபிளாப்பியில் பிரதி எடுக்கும்போது படித்தேன். தேதி, நேரம், மழை. கடைசிக் கட்டம், நிலையத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்பது. மூன்று வருடப் பதிவில் கீழே போகப் போக அந்தக் கட்டத்தில் ஒரே எண்தான். 0. 0. 0. 0. ஜூன் 14-ஆம் தேதியோடு பதிவு நின்றிருந்தது.

அதற்குக் கீழே ஒரே ஒரு வரி. அன்றைய தேதி. நேரம் 5.30. வந்தவர்கள்: 1.

பாஞ்சாலையோடு அவர் வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் போளூரில், ஜூனில் பஞ்சாட்சரத்தைத் தூக்கி வந்த ஜீப் டிரைவர் பழனியைப் பார்த்தேன். பாஞ்சாலை அந்த வாரம் ஊரில் இல்லையாம். அவர் இறந்து மூன்று நாள் கழித்துத்தான் கதவைத் திறந்திருக்கிறார்கள். நாற்காலியிலேயே இருந்திருக்கிறார், மேசையோடு ஒட்டி.

"வெரல மட்டும் எடுக்க முடில சார்" என்றார் பழனி. "அந்தப் பெரிய பட்டன்ல வெச்சது வெச்சபடி இருந்திச்சு. ரெண்டு பேர் புடிச்சுத்தான் பிரிச்சோம்."

எனக்கு வேலை நிரந்தரமானது. ஜனவரியில், புதிதாக அங்கே போன கோபால்சாமியிடமிருந்து ஒரு கார்டு வந்தது. பொங்கலுக்கு மூன்று நாள் பூட்டிவிட்டுப் போய் வந்தாராம். திரும்பி வந்து போட்டால் 1C 301.

அவருக்கு நான் எழுதிய பதில் இதுதான்:

"அறையை மூன்று நாள் பூட்டி வைக்காதீர்கள். பூட்டும்படி ஆகிவிட்டால், சுவிட்சைத் தொடும் முன் நாற்காலியைப் பின்னால் இழுங்கள். பஞ்சாட்சரம் சார் என்று பெயரைச் சொல்லி, 'எழுந்து வாங்க, நான் வந்துட்டேன்' என்று சத்தமாகச் சொல்லுங்கள். நாற்காலி லேசானதும் சுவிட்சைப் போடுங்கள். கம்ப்யூட்டர் ஓடும்."