தந்தப் பிடி போட்ட பிரஷ்

தாடி வைத்த மனுஷன் ஷேவிங் பிரஷ்களை ரிப்பேர் பார்ப்பது, மகள் கல்யாணமான நாளிலிருந்து மாமனாருக்குச் செரிக்காத விஷயம். சோப்பு நுரை பட்டால் முகம் தடித்துப்போகும் என்று மாப்பிள்ளை காரணம் சொன்னார். காரணம் உண்மைதான். ஆனால் உண்மைக்கெல்லாம் மயங்குகிற ஆளா மாமனார்? நாலு பேர் நடுவில், "எங்க முடி மாப்பிள்ளை எங்கே, காணோம்?" என்று கேட்டுவைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

முடி மாப்பிள்ளைக்குக் குடிநீர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. அங்கே வருகிறவர்கள் திட்டுவதற்கென்றே வருகிறவர்கள். மாலையில் வீடு திரும்பியதும் துணி துவைக்கிற இடத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பழைய சாமான் கடையில் பொறுக்கிய மொட்டை பிரஷ்கள் ஒரு செருப்பு டப்பா நிறையக் கிடக்கும். செத்த குஞ்சத்தை ஒட்ட வெட்டி, மிச்சத்தைத் துளைபோடும் மெஷினால் குடைந்தெடுத்து, குழியைச் சுரண்டி, தபாலில் வரவழைத்த புதுக் குஞ்சத்தைப் பசை தடவி நடுவார். ஆழமாக நட்டால் குஞ்சம் விறைத்து முகத்தைக் குத்தும். மேலாக நட்டால் துவண்டு விழும். நட்டு முடித்த பிரஷை ஆசையாகக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். தாடி தடுக்கும். புறங்கையில் தடவிக்கொள்வார்.

"யாருக்குங்க இத்தனை?" என்பாள் மனைவி.

"வேணுங்கறவங்களுக்கு."

"அந்த மகராசன் ஒருநாள் வந்தா எனக்கும் காட்டுங்க."

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மாமனார் வாயிலிருந்து, சபையில், ஒரு நல்ல வார்த்தை.

கண் ஆபரேஷன் செய்துகொண்டு மகள் வீட்டில் தங்க வந்த மாமனார், கூடவே தம் பிரஷையும் கொண்டுவந்தார். மில்லில் சூப்பர்வைசராக இருந்தபோது பெரிய துரை கையால் கொடுத்தது. பிடி அசல் யானைத் தந்தம். இந்தக் கதையைக் கேட்காத சொந்தக்காரர் யாரும் உயிரோடு இல்லை. பிரஷில்தான் முடி இல்லை. இருந்த நாலைந்தும் தினமும் ஒவ்வொன்றாக மாமனார் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு காபி குடிக்க வந்தன.

"அப்பா, அதை அவர்கிட்டதான் கொடுங்களேன்."

"கொடுக்கலாம்மா. இது தந்தம். அவர் பாட்டுக்கு வாளியில ஓட்டை போடற மாதிரி போட்டுட்டா?"

கொடுத்தார். பிள்ளையைத் தத்துக் கொடுப்பவர் மாதிரி, மனசில்லாமல்.

மாப்பிள்ளை மெஷினை வைத்ததுமே மூக்கைச் சுளித்தார். முன்பொருமுறை எலும்புப் பிடி ஒன்றைக் குடைந்தவர் அவர். அப்போது மாவுமாவாகத் தூள் வந்தது. பல் டாக்டர் அறை வாடை அடித்தது. இதிலோ வெள்ளைச் சுருள் சுருளாக வந்தது. கலர்க் குடம் கருகும் வாடை. அடியில் படிந்திருந்த சோப்பு அழுக்கை நகத்தால் கீறினார். அச்சில் வார்த்த கோடு, குறுக்காக, பளிச்சென்று.

பிளாஸ்டிக்! அசல் பிளாஸ்டிக்!

அவருக்கு வந்த சந்தோஷம் முதல் சம்பளத்துக்குக்கூட வந்ததில்லை. சுருள்களைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"சபையில வெச்சு உடைக்கறேன் பாரு" என்றார் மனைவியிடம்.

"அவரு தூக்கி வெச்சுக்கிட்டுத் திரியறதே அது ஒண்ணுதாங்க."

"முடி மாப்பிள்ளையாம், முடி மாப்பிள்ளை!"

சபை ஞாயிற்றுக்கிழமை கூடியது. மில்லில் மாமனாரோடு வேலை பார்த்த ஸ்டோர் கீப்பர், அவர் சம்சாரம், மாமனாரின் தம்பி. புதுக் குஞ்சம் பூத்துக் குலுங்கும் பிரஷை மாமனார் உள்ளங்கையில் ஏந்தி வந்தார். மாப்பிள்ளை பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"பாருங்கய்யா," என்றார் மாமனார், "எல்லாம் எங்க மாப்பிள்ளை கைவேலை. தந்தத்துல கை வைக்கறதுன்னா சும்மாவா? வேற எவனாவது இருந்தா விரிசல் விட்டிருப்பான்."

மாப்பிள்ளை செருமிய தொண்டை செருமியபடியே நின்றது. 'முடி' உதிர்ந்துவிட்டது, வெறும் மாப்பிள்ளை. பிளாஸ்டிக் என்று சொன்னால் மாமனாரின் தந்தம் போகும், போகட்டும். ஆனால் தந்தத்தைத் துளைத்த கை பிளாஸ்டிக்கைத் துளைத்த கையாகிவிடுமே? பிளாஸ்டிக்கை யார்தான் துளைக்க மாட்டார்கள்?

ஸ்டோர் கீப்பர் பிரஷைக் கவிழ்த்துப் பார்த்தார். "இதென்னய்யா, அடியில கோடு மாதிரி?"

மாமனாரின் முகம் லேசாக வெளுத்தது. சட்டென்று மாப்பிள்ளையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வி இல்லை. தெரிந்தவன் தெரிந்தவனைப் பார்க்கிற பார்வை.

"அதுவா?" என்றார் மாப்பிள்ளை. "அசல் தந்தம்னா அப்படித்தாங்க இருக்கும். மரத்துக்கு வளையம் மாதிரி, ஆனைக்கு அந்தக் கோடு."

"அப்படியா! வயசுகூடச் சொல்லலாமோ?"

"கிழ ஆனை" என்றார் மாப்பிள்ளை, கொஞ்சமும் கூசாமல்.

"துரையே சொன்னாருய்யா, கிழ ஆனைன்னு" என்றார் மாமனார்.

அடுப்படியில் டம்ளர் ஒன்று விழுந்து உருண்டது.

விருந்தாளிகள் போனபின் மனைவி சட்டையைத் துவைக்க எடுத்தாள். பையைத் துழாவிக் காகிதத்தை வெளியே எடுத்தாள்.

"ஏங்க, கிழ ஆனை உரிஞ்சு கிடக்கு. குப்பையில கொட்டவா?"

மாப்பிள்ளை பாய்ந்து வந்து பிடுங்கினார். "மெல்லப் பேசுடி, மாமா காதுல விழுந்துடப் போகுது!"

"விழுந்தா என்ன? அவருக்குத் தெரியாததா?"

அவர் உப்புத்தாளைத் தேடி எடுத்து, பிரஷைக் கவிழ்த்து, அந்தக் கோட்டை நிதானமாகத் தேய்க்க ஆரம்பித்தார்.