என் மச்சானின் அகலக் கால்சட்டை

வவுனியா ரயில் நிலையத்தில் என் மச்சான் வந்து இறங்கிய காலை இப்போதும் கண்முன் நிற்கிறது. ஒரு காலுக்குள் இரண்டு பேர் நுழையக்கூடிய கால்சட்டை, முழங்காலைத் தொட்ட மேற்சட்டை, வலப்புருவத்தை இரண்டாகப் பிரித்த தழும்பு. சிறுவனாகக் கனடாவுக்கு அனுப்பிய மகனை எதிர்பார்த்து நின்ற மாமா, அவரைத் தாண்டிப் பின்னால் வந்தவர்களின் முகங்களில் மகனைத் தேடிக்கொண்டிருந்தார். "அப்பா, நான்தான்" என்று சொல்லும்வரை மாமாவுக்கு விளங்கவில்லை. இராணுவத்தினருக்கோ பார்த்தவுடனேயே எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. ஊருக்குள் போவதற்கான பாஸ் எடுக்க நின்ற வரிசையிலிருந்து அவரை மட்டும் தனியே இழுத்து, கால்சட்டைப் பைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்தார்கள். இவ்வளவு அகலம் எதை மறைப்பதற்கு என்பதுதான் கேள்வி.

அது 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்துக்கு முந்தைய காலம். மாமாவின் இருதய வருத்தத்தைக் கேள்விப்பட்டு, யார் தடுத்தும் நிற்காமல் வந்திருந்தார் மச்சான். நான் அப்போது ஒரு ரியூசன் நிலையத்தில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்ததும், மாணவர்கள் எழும்பிப் போன வாங்கில் மச்சான் வந்து உட்கார்ந்து, விரல்களால் தாளம் தட்டி, வாய்க்குள் வேகவேகமாக எதையோ சொல்லிப் பார்ப்பார். ராப் என்ற சொல்லை நான் முதன்முதலில் அவரிடம்தான் கேட்டேன். ஒருநாள் தழும்பைப் பற்றியும் கேட்டேன்.

"ரொறன்ரோவில பொலிஸ் தந்தது. பாட்டுப் பழகிப்போட்டு நானும் ஜமேக்காப் பெடியன் ஒருத்தனும் நடந்து வந்தனாங்கள். ஆரோ களவெடுத்திட்டானாம். எங்கட தோலையும் உடுப்பையும் பாத்திட்டு, என்ர தலையைப் பிடிச்சுக் காரில முட்டினவங்கள். பிறகு, ஆள் மாறிப்போச்செண்டு விட்டிட்டாங்கள்."

"உங்கட பாட்டுகளில துவக்குச் சூடும் அடிதடியும் வருதெண்டு சொல்லுகினமே?"

"வருது. சிலது எனக்கும் பிடிக்காது, அதுகளை நான் பாடுறேல்ல. ஆனா இஞ்ச சின்னப்பிள்ளையள் ஷெல் விழுற சத்தத்தை வாயால செய்து விளையாடுதுகள். அதுக்காக அதுகளோ ஷெல் அடிச்சது?"

ஊருக்கு இந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. தழும்பு வெட்டுக்காயம் ஆனது. வெட்டுக்காயம் கோஷ்டிச் சண்டை ஆனது. மாதா கோவிலில் பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது, அவர் கனடாவில் மறியலில் அடைபட்டுக் கிடந்தவர் என்ற கதை என் காதிலேயே விழுந்தது. கோவில் திருவிழா மேடையில் பாட அனுமதி கேட்டபோது, திருவிழாக் குழுவின் செயலாளர் முகத்துக்கு நேரேயே மறுத்தார். "உந்த ரவுடிப் பாட்டு எங்கட சனத்துக்கு வேண்டாம், தம்பி."

திருவிழாவுக்கு முந்திய கிழமை இராணுவத்தினர் எங்கள் பகுதியைச் சுற்றிவளைத்தார்கள். ஆண்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, முகமூடி போட்டுக் காட்டிக்கொடுக்கும் ஒருவனுக்கு முன்னால் நடக்கவிட்டார்கள். அவன் தலையை ஆட்டினால் ஆளைக் கொண்டுபோவார்கள். மச்சானைக் கண்டதும் அந்தத் தலை ஆடியது.

மாமாவும் நானும் இராணுவ முகாம் வாசலுக்கு ஓடினோம். அப்படிக் கொண்டுபோனவர்களில் திரும்பி வராதவர்களின் பெயர்கள் எங்கள் எல்லோருக்கும் தெரியும். மாமா நெஞ்சைப் பிடித்தபடி மதில் ஓரம் குந்திவிட்டார். கொஞ்சம் தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் வெளியே வந்தார். "நாங்க சொல்ல இல்ல. உங்கட ஆக்கள்தான் சொன்னது, இவன் ரவுடி."

அந்தச் சொல் யாருடைய வாயில் புறப்பட்டது என்று எனக்குத் தெரியும். நேரே செயலாளர் வீட்டுக்குப் போனேன். அவர் கதிரையிலிருந்து எழும்பவில்லை.

"ஐயா, மச்சான் ஆரையும் அடிச்சதைக் கண்டனீங்களோ?"

"காணேல்ல. சனம் கதைச்சது."

"சனம் கதைச்சதை ஆமியும் கேட்டிட்டுது. இப்ப நீங்கள் கண்டதை மட்டும் வந்து சொல்லுங்கோ."

அப்போதுதான் கதிரையை விட்டு எழும்பினார். பிறகு சேர்ட்டை மாட்டிக்கொண்டு, பங்குத்தந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தார். முகாம் வாசலில் நின்று தெளிவாகச் சொன்னார்: "இவன் தகப்பனைத் தாங்கிப் பிடிச்சுக்கொண்டு பூசைக்கு வாறதைக் கண்டனான். வேற ஒண்டும் நான் காணேல்ல." இருவரும் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைத்தார்கள். பின்னேரம் மச்சான் நொண்டிக்கொண்டு வெளியே வந்தார். முதுகைக் காட்ட மறுத்துவிட்டார்.

இனிப் பாட்டை விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். மறுநாளே பங்குத்தந்தையிடம் போய்ப் பாடிக் காட்டினார். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இதில ஒரு பொய்யும் இல்லை. மேடையில பாடும்" என்றார். செயலாளர் நிகழ்ச்சிப் பட்டியலின் கடைசியில் மச்சானின் பெயரை எழுதினார்.

ஊரடங்குக்கு முன்பே எல்லோரும் வீடு சேர வேண்டுமென்பதால் கலை நிகழ்ச்சி வெயிலிலேயே தொடங்கியது. அதே அகலக் கால்சட்டையோடு மச்சான் ஏறினார். வேலிக்கு அப்பால் இரண்டு இராணுவத்தினர் நின்றார்கள். அவர் திட்டவுமில்லை, கெஞ்சவுமில்லை. எங்களிடம் நாள்தோறும் கேட்கப்படும் கேள்விகளைத் தாளத்தில் அடுக்கினார். எங்க போறாய்? எங்கயிருந்து வாறாய்? ஆர் உனக்கு இஞ்ச? பாஸ் எங்க? முதல் தடவை சனம் உறைந்துபோய் இருந்தது. இரண்டாம் தடவை "பாஸ் எங்க?" என்று கேட்டு மைக்கைச் சனத்தின் பக்கம் நீட்டினார். பின்வரிசையிலிருந்து மீன்காரப் பெண்ணொருத்தி "இருக்கு!" என்று கத்தினாள். அடுத்த தடவை பத்துப் பேர். அதற்கடுத்த தடவை கோவில் வளவு முழுவதும். நானும் கத்தினேன்.

இப்போது வன்னிக் கலியாண வீடுகளில்கூட ராப் போடுகிறார்கள். ஆனாலும் ஒரு பெடியன் முடியை வளர்த்துத் தோடு போட்டால், வாள்வெட்டுக் குழுவோ என்று கேட்கிற வாய்கள் ஓயவில்லை. யாராவது அப்படிக் கேட்கும்போது எனக்கு அன்றைய பின்னேரம்தான் நினைவுக்கு வரும்.

பாட்டு முடிந்து சனம் கலைந்து, வழக்கம்போலச் சோதனைச் சாவடியில் வரிசையாக நின்றது. "பாஸ் எங்க?" என்று கேட்டான் சிப்பாய். எனக்கு முன்னால் நின்ற செயலாளரின் மனைவி, அதுவரை எந்தச் சாவடியிலும் தலை நிமிர்ந்திராத அந்த அம்மா, அவனை நேரே பார்த்து, "இருக்கு" என்றார். வரிசை முழுவதும் சிரித்தது. சிரிப்பின் காரணம் அவனுக்கு விளங்கவில்லை. நாங்கள் ஒருவரும் விளக்கவுமில்லை.